இரண்டு முழம்

காலையிலிருந்தே வக்கீலம்மா தாராளமாக இருந்தார். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும், "எடுத்துக்கோங்க டாக்டர், அது விழுந்த மாதிரிதான்" என்று கையசைத்துவிடுவார். கோல்ஃபில் ஜோடி ஜோடியாக மோதும்போது அப்படி ஒரு மரியாதை உண்டு. எதிராளி விட்டுக்கொடுத்தால் அடிக்கவே வேண்டாம், விழுந்ததாகவே கணக்கு. பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டுக் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டாள். பந்து கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சும் வந்தது.

அவளுடைய ஜோடி, கணவரின் தங்கை. லாரி ஆபீசில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் டிரைவர்களை விரட்டுகிறவள். அவள் முதல் அடி அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகும். குரலும் அப்படித்தான். கிளப்பில் எல்லோரும் அவளைப் பீரங்கி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை.

இந்தப் போட்டியில் ஜோடிக்கு ஒரே பந்து. ஒருத்தி அடித்தால் அடுத்த அடி மற்றவளுடையது. "ஒரே சட்டைக்கு ரெண்டு பேர் பொத்தான் போடற மாதிரி" என்பாள் பீரங்கி. ஒருத்தி செய்த தப்பை மற்றவள் சுமக்க வேண்டும். போன வருஷம் இதே கிளப்பின் இறுதி ஆட்டத்தில் பீரங்கியின் ஜோடியாக ஆடியவர் ஒரு கணக்கு டீச்சர். கடைசியில் ஒரு குட்டி அடியை அவர் தவறவிட்டார். பீரங்கி வாய் திறக்கவில்லை. தன் பையை மட்டும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளோடு வந்திருந்த டீச்சர் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அந்தக் கணக்கு டீச்சர்தான் இன்று வக்கீலம்மாவின் ஜோடி. காலையில் கை குலுக்கியபோது பீரங்கியின் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

டாக்டரின் பிரச்சினை யாருக்கும் தெரியாது. சில மாதங்களாக, குழிக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தை அவளால் உருட்ட முடியவில்லை. தூரத்து அடிகளில் ஒரு குறையும் இல்லை. முழு வீச்சில் கைக்கு யோசிக்க நேரமிருக்காது. ஆனால் இரண்டு முழம், மூன்று முழம் என்று வந்துவிட்டால், மட்டை பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் வலது மணிக்கட்டு தானாகத் துள்ளியது, யாரோ பின்னாலிருந்து முழங்கையை இடித்த மாதிரி. உருட்டும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். அவள் கணவர் அதை 'வெண்ணெய்' என்பார். "வெண்ணெய் வழுக்குதா?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

கோல்ஃப் போனால் போகட்டும். அவள் பயம் வேறு. அந்தக் கைதான் கிளினிக்கில் டிரில்லைப் பிடிக்கிற கை. வாய்க்குள் மயிரிழை பிசகினால் நாக்கு கிழியும், நரம்பு போகும். அங்கே இதுவரை துள்ளவில்லை. ஆனாலும் அவள் ரூட் கெனால் கேஸ்களை ஒவ்வொன்றாக ஜூனியர் டாக்டரிடம் தள்ளிவிட ஆரம்பித்திருந்தாள். "நீ பழகணும்ல" என்றாள். ஜூனியருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். யாருக்கும் சொல்லாமல் ஒரு நரம்பு டாக்டரையும் பார்த்து வந்தாள். அவர் சுத்தியால் தட்டிப் பார்த்து, கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொல்லி, "ஒண்ணுமே இல்லம்மா" என்றார். அதுதான் அவளைக் கலக்கியது. நரம்பில் கோளாறு என்றால் மாத்திரை இருக்கும். ஒன்றுமே இல்லாததற்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடும் ஜோடிக்கு அந்தக் குழி சொந்தம். பதினைந்து குழிகள் முடிந்தபோது அண்ணியும் நாத்தனாரும் மூன்று குழி முன்னால் இருந்தார்கள். பாக்கி மூன்றே குழி. அடுத்ததைச் சமமாக்கினாலே கோப்பை கையில்.

"முடிஞ்சுது அண்ணி" என்று காதருகே சொன்னாள் பீரங்கி. "துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல. விழும்னு நினைச்சா விழும், அவ்வளவுதான்."

பதினாறாவது, குட்டைக்கு மேலே தூக்கி அடிக்க வேண்டிய சின்னக் குழி. டாக்டர் அழகாக அடித்தாள். பந்து தண்ணீரைத் தாண்டி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் இறங்கி நின்றது. எதிர் ஜோடி மூன்று அடியில் முடித்தது. பீரங்கி தன் முறைக்குப் பந்தை உருட்டினாள். அது நெளிந்து வந்து குழிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

டாக்டர் வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா தன் கையுறையின் பொத்தானைக் கழற்றினார். திரும்பப் போட்டார். குட்டையில் எதையோ பார்த்தார்.

"வக்கீலம்மா?" என்றாள் பீரங்கி.

"அடிக்கட்டுமே" என்றார் அவர். "சின்னத் தூரம்தானே."

குரலில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து அடிக்க விடாமலே வைத்திருந்து, கை ஒரு தடவைகூடப் பழகாமல் பார்த்துக்கொண்டு, சரியான இடத்தில் கதவைச் சாத்திவிட்டார். கோர்ட்டில் சாட்சியை இப்படித்தான் பேசவிட்டுப் பிடிப்பாரோ என்னவோ.

அவள் பந்தின் முன்னால் நின்றாள். குழி தெரிந்தது. வழி நேராகத்தான் இருந்தது. குழந்தைகூடத் தள்ளிவிடும். மட்டையைப் பின்னுக்கு இழுத்தாள். இழுக்கும்போதே தெரிந்துவிட்டது, வருகிறது என்று. பல்லைக் கடித்தாள். மணிக்கட்டு துள்ளியது. பந்து குழியின் வலது ஓரத்தைக்கூடத் தொடாமல் தாண்டிப் போய், இருந்த தூரத்தைவிட அதிகத் தூரத்தில் நின்றது. அந்தக் குழி எதிர் ஜோடிக்குப் போயிற்று.

"யானை போயிடுச்சு, வால் மாட்டிக்கிச்சு" என்றார் வக்கீலம்மா, யாரையும் பார்க்காமல். கணக்கு டீச்சர் கொடிக்கம்பைக் குழியில் திரும்ப நட்டார். அவர் முகம் வெளுத்திருந்ததை டாக்டர் கவனித்தாள்.

அடுத்த குழிக்கு மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். பீரங்கி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். அவள் பேசாமல் நடந்தால் அது நல்லதற்கில்லை என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"கைக்கு என்ன?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"அண்ணி, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அது தப்பான அடி இல்ல. கை துள்ளிச்சு."

டாக்டர் நடையை நிறுத்தவில்லை. நின்றால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எப்போது ஆரம்பித்தது, நரம்பு டாக்டர் என்ன சொன்னார், ஜூனியரிடம் தள்ளிவிட்ட கேஸ்கள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்ல? இவ்வளவு நாள் கூட ஆடறேன்."

"சொல்லியிருந்தா என்னோட ஆடியிருப்பியா?"

பீரங்கி பொய் சொல்லத் தெரியாதவள். யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.



பதினேழாவது குழியின் முதல் அடி பீரங்கியுடையது. அவள் வழக்கமாக வந்து நிற்பாள், ஒரு தடவை பார்ப்பாள், வெளுத்துவிடுவாள். இன்று பார்த்துக்கொண்டே நின்றாள். மட்டையை மாற்றலாமா என்று பைக்குத் திரும்பினாள். மாற்றாமல் வந்தாள். அடித்த சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரிந்தது. பந்து வளைந்து மரங்களுக்குள் போய், எதிலோ மோதி, இன்னும் உள்ளே போனது. டாக்டர் புதருக்குள் புகுந்து, முட்கள் சட்டையில் மாட்ட, அதை வெளியே கொண்டுவருவதற்குள் எதிர் ஜோடி குழியருகே போய்விட்டிருந்தது. அந்தக் குழியும் போயிற்று.

மூன்று, இரண்டாகி, ஒன்றாகிவிட்டது. பாக்கி ஒரே குழி.

கிளப்பில் ஆட்டம் முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் மாடி வராந்தாவில் வந்து நின்றிருந்தார்கள். கடைசிக் குழி அங்கிருந்து நன்றாகத் தெரியும். டாக்டர் முதல் அடியை நடுவழியில் போட்டாள். அடுத்தது பீரங்கி. அவள் பந்துக்குப் பக்கத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள், டாக்டருக்கு மட்டும் கேட்கும்படி. "இப்படி எனக்கு இருந்ததே இல்ல. இது மரத்துக்குள்ளதான் போகும்னு தோணுது. நினைக்கக் கூடாதுன்னு நினைக்கறேன், இன்னும் நல்லாத் தெரியுது அந்த மரம்."

டாக்டருக்குத் தன் பயத்தை என்ன செய்வதென்று தெரியாது. ஆனால் அடுத்தவர் பயம் அவளுடைய அன்றாட வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். கைப்பிடியை நெரிக்கிறவர்கள், கண்ணை இறுக்குகிறவர்கள், ஊசியைப் பார்த்ததும் போன் வந்துவிட்டதென்று எழுந்து போகிறவர்கள்.

"என் நாற்காலியில உக்கார்றவங்ககிட்ட நான் பயப்படாதீங்கன்னு சொல்றதே இல்ல" என்றாள். "சொன்னா கேக்குமா? பயமா இருக்கட்டும், வாயை மட்டும் திறங்கன்னுதான் சொல்வேன். நீயும் பயந்துக்கோ. மரத்தையும் பாத்துக்கோ. அப்புறம் அடி. உள்ள போனா நான் போய் எடுத்துட்டு வரேன். போன குழியில எடுத்தேன்ல, முள்ளு குத்திச்சு, அவ்வளவுதான்."

பீரங்கி அவளைப் பார்த்தாள். பந்திடம் போனாள். அவளுடைய வழக்கமான அடி இல்லை அது, பாதித் தூரம்தான். ஆனால் நேராகப் போனது.

மூன்றாவது அடியில் டாக்டர் பந்தைக் குழியிருக்கும் புல்தரையில் ஏற்றினாள். எதிர் ஜோடி ஐந்தில் முடித்தது. பீரங்கி தூரத்திலிருந்து உருட்டினாள். பந்து மேட்டில் ஏறி, இறங்கி, களைத்துப்போனது போல நின்றது. குழிக்கு இரண்டு முழம்.

அது விழுந்தால் ஐந்துக்கு ஐந்து. குழி சமம், கோப்பை இவர்களுக்கு.

வராந்தாவில் இருந்தவர்கள் கம்பி ஓரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். வக்கீலம்மா இந்தத் தடவை எங்கும் பார்வையைத் திருப்பவில்லை. நேராக டாக்டரைப் பார்த்தார். அவர் விதிக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. பந்து குழிக்குள் போக வேண்டும் என்பதுதான் ஆட்டம். டாக்டர் போய் நின்றாள். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். அசைக்கக்கூட இல்லை, அதற்குள் மணிக்கட்டு ஒரு தடவை விலுக்கென்றது. பந்தில் படவில்லை. அவள் பின்வாங்கினாள். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

கணக்கு டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தார். ஜோடியில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும், இன்னொருவர் அதைத் திருப்பி வாங்க முடியாது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் முன்னால் வக்கீலம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சர்" என்றார் எச்சரிப்பது போல.

"இல்லங்க, என்னால இதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல" என்றார் டீச்சர். "டாக்டர், நீங்க..."

"டீச்சர், சொல்லிடாதீங்க" என்றாள் டாக்டர்.

அவளுக்கே அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேலே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். டீச்சர் திறந்த வாயோடு நின்றார்.

"என் கை துள்ளுது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். கிட்டத்துல வந்தா துள்ளும். எல்லாரும் பாத்தாச்சு, மறைக்க இனி ஒண்ணுமில்ல. ஆனா நான் இதை அடிக்கணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோப்பை அவளுடையது மட்டும் அல்ல. பந்தும் அவளுடையது மட்டும் அல்ல. அவள் பீரங்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

பீரங்கியின் முகத்தில் எல்லாமே எழுதியிருக்கும். எடுத்துக்கொள்ளேன் என்று கெஞ்சுகிற ஆசை அதில் பச்சையாகத் தெரிந்தது. போன வருஷத்துத் தோல்வி தெரிந்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அண்ணி அடிப்பாங்க டீச்சர்" என்றாள். "விடுங்க."

டாக்டர் திரும்பப் பந்திடம் வந்தாள். நம்பிக்கை வந்துவிட்டதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. விழும் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. ஆனால் காலையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒன்று, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அது, இருந்த இடத்தில் இல்லை. துள்ளினால் துள்ளட்டும் என்று மட்டையைப் பின்னுக்கு இழுத்தாள்.

கை துள்ளவில்லை.

மட்டை பந்தைத் தொட்ட சத்தம் மெத்தென்று கேட்டது. எத்தனையோ மாதமாக அவள் கேட்காத சத்தம். பந்து நினைத்த கோட்டில் உருண்டது. குழியை நெருங்கும்போது, அவள் சரியாகப் பார்க்காத ஒரு சின்னச் சரிவு அதை இடது பக்கம் இழுத்தது. பந்து விளிம்பில் ஏறி, அரைவட்டம் சுற்றி, வெளியே வந்து நின்றது.

மேலே யாரோ உச்சுக்கொட்டினார்கள். டாக்டர் குனிந்து பந்தையே பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து பீரங்கி ஓடி வந்தாள்.

"அண்ணி, பரவால்ல..."

"சரிவைப் பாக்கல" என்றாள் டாக்டர். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். "வழியைத் தப்பாப் பாத்துட்டேன்டி. அவ்வளவுதான். கை ஒண்ணும் பண்ணல."

பீரங்கிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கோப்பை விளிம்பில் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறது. வக்கீலம்மா புருவத்தைத் தூக்கினார்.

இரண்டு ஜோடியும் சமம் என்பதால் முதல் குழிக்குத் திரும்பிப் போய் ஆட வேண்டியிருந்தது. அங்கே அதிக நேரம் ஆகவில்லை. பீரங்கி தன் பழைய அடியை அடித்தாள். டாக்டர் குழிக்கருகே கொண்டுவந்தாள். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கணக்கு டீச்சர் புல்தரையின் மறுகோடியிலிருந்து ஒரு பந்தை உருட்டினார். மேடு, பள்ளம், வளைவு எல்லாம் தாண்டி அது குழிக்குள் போய் விழுந்தது. அவரே நம்பாமல் குழிக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். ஆட்டம் முடிந்தது.

கை குலுக்கும்போது வக்கீலம்மா டாக்டரின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். "நான் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றார். "ஆனா என் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ரொம்ப நாளா படுத்துது. உங்ககிட்ட வரலாமா?"

"வாங்க. அங்க எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றாள் டாக்டர்.

கார் நிறுத்துமிடத்தில் டீச்சர் தன் பையை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பீரங்கி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"போன வருஷம் நான் பண்ணினது..." என்று ஆரம்பித்தாள்.

டீச்சர் டிக்கியை மூடினார். "பஸ்ல உக்கார இடம் கிடைக்கல" என்றார். "மட்டைப் பையை மடியிலயும் வெச்சுக்க முடியாது, கீழயும் வெக்க முடியாது. வர்றவன் போறவன் எல்லாம் என்னைத் திட்டினான்."

"தப்புதான் டீச்சர்."

"தப்புதான்." அவர் கார்க் கதவைத் திறந்தார். உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினார். "சனிக்கிழமை போன் பண்ணிப் பாரு. எடுக்கறேனா இல்லையான்னு அன்னைக்குத் தெரியும்."

அன்று மாலை கணவர் பால்கனியில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் போய்ப் பக்கத்தில் நின்று ஒரு சட்டையை எடுத்தாள். ஜெயித்தீர்களா என்று கேட்டார். தோற்றோம் என்றாள். பிறகு கையைப் பற்றிச் சொன்னாள். நரம்பு டாக்டரிடம் போனதைச் சொன்னபோது அவர் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"தனியாவா போன?"

"ஆமா."

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் திரும்பப் போட்டார். கோபம் என்று தெரிந்தது. அவள் காத்திருந்தாள். "அடுத்த தடவை நானும் வரேன்" என்றார் கடைசியில். பிறகு அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி, அவள் மடித்தது சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு ரூட் கெனால் இருந்தது. ஜூனியர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு நான் செய்யறேன்" என்றாள் டாக்டர். "நீ பக்கத்துல நில்லு. என் கையைப் பாத்துக்கிட்டே இரு. லேசா அசைஞ்சாலும் சொல்லு, அந்த நிமிஷமே நீ செய்."

"ஏன் மேடம்?"

டாக்டர் ஏன் என்று சொன்னாள், ஒளிக்காமல். ஜூனியரின் கண் பெரிதாகியது. பிறகு அவள் தன் ஸ்டூலை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் இருந்த தடித்த மனிதர் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் விளக்கைத் தாழ்த்தினாள்.

வேலை முடிய வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. இரண்டு தடவை டிரில்லை வெளியே எடுத்து, விரல்களை நீட்டி மடக்கிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். ஜூனியர் குறுக்கிட வேண்டி வரவில்லை. அந்த மனிதர் எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, முடிந்துவிட்டதா என்று மரத்த உதட்டோடு குழறிக் கேட்டார். முடிந்துவிட்டது என்றாள். அடுத்தவரை டாக்டரின் நாற்காலிக்கு ஜூனியரே கூப்பிட்டாள்.